காந்தம் விட்டுவைத்த காசு

பத்து காவானிலிருந்து சிம்பாங் அம்பாட்டுக்கு யாரும் நடந்து போவதில்லை. காடி உள்ளவர்கள் காடியில் போவார்கள். இல்லாதவர்களைத் தொழிற்சாலை பஸ் ஏற்றிப்போகும். நான் நடந்துகொண்டிருந்தேன். ஒரு பக்கம் தொழிற்சாலையின் நீண்ட வேலி, மறுபக்கம் வெட்டிப் போட்ட செம்பனை மரங்கள். உச்சி வெயில். தோளில் என் பை. பின்னால் விட்டுவந்த கோயிலில் இந்நேரம் பந்தி போட்டிருப்பார்கள். அந்த அக்கா எனக்கும் ஓர் இலை பிடித்து வைத்திருப்பார். வைக்கிறேன் என்று காலையிலேயே சொல்லியிருந்தார். சொன்னால் வைத்துவிடுவார். அதை நினைத்தபோது கால் இன்னும் வேகமாகப் போனது.

ஜார்ஜ் டவுனில் ஒரு மலிவு விலை அடுக்குமாடியில் அவர் குடியிருந்தார். நான் அவர் வீட்டில் ஓர் அறை எடுத்துத் தங்கியிருந்தேன். வாழையிலைச் சாப்பாட்டுக் கடை ஒன்றில் காய் நறுக்குவது அவர் வேலை. அறுபது தாண்டியவர். நெற்றியில் திருநீறு, கையில் வெங்காய வாசம், காலில் ரப்பர் செருப்பு. நான் அப்போது புக்கிட் தெங்காவில் ஒரு பழைய இரும்புக் கடையில் இருந்தேன். அதற்கு முன் ஜொகூரில் கோழிப் பண்ணை, அதற்கு முன் கிள்ளானில் லோரி அட்டெண்டன். மூன்றாம் படிவத்தோடு பள்ளியை விட்டவனுக்கு ஊர் மாறுவதுதான் பதவி உயர்வு.

அறை பார்க்கப் போன அன்று, "ஃபேன் ஓடும், ஜன்னல் இருக்கு, பாத்ரூம் பொது," என்றார். பையோடு நான் வந்து சேர்ந்தபோது ஃபேன் சுற்றவில்லை. உடனே ஸ்டூலைப் போட்டு ஏறினார். தன் அறை ஃபேனைக் கழற்றிக் கொண்டுவந்து என் அறையில் மாட்டினார்.

"வேணாம்க்கா, நான் பாத்துக்கிறேன்."

"ஃபேன் ஓடும்னு சொன்னேன்ல? சொன்னது நான். நீ என்னத்த பாத்துக்குவ?"

புது ஃபேன் வாங்கச் சம்பளம் வரும்வரை பழைய காலண்டர் அட்டையால் விசிறிக்கொண்டு படுத்திருந்தார்.

அவர் சுபாவம் அதுதான். எதிர்வீட்டுச் சீனக் கிழவிக்கு ஒருமுறை புட்டு மாயம் செய்து தருவதாகச் சொல்லிவிட்டார். சொன்ன நாளில் அவருக்குக் காய்ச்சல். போர்வையைப் போர்த்திக்கொண்டே இடியாப்பம் பிழிந்தார். "கிழவிதான் ஒண்ணும் கேக்கலையே," என்றேன். "அவங்க கேக்கல. நான் சொன்னேன்," என்றார். இன்னொரு நாள் பெரிய மழை. தெருவில் முழங்கால் தண்ணீர். செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு வேலைக்குப் போய்விட்டார். கடை பூட்டியிருந்தது. பூட்டிய கதவின் முன் நின்று முதலாளிக்குப் போன் செய்தாராம்: "நான் வந்துட்டேன். நீங்க தொறக்கலன்னா அது உங்க பாடு." முதலாளி இதை எல்லாரிடமும் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார். நானும் சிரித்திருக்கிறேன். வறட்டு ரோஷம் என்றுதான் நெடுநாள் நினைத்திருந்தேன்.

என் கட்டிலுக்கு அடியில் டின்கள் இருந்தன. மைலோ டின், பிஸ்கட் டின், பெயிண்ட் வாளி. வந்த புதிதில் ஒன்றில் கால் இடித்து விரல் நகம் பெயர்ந்தது. டின் அசையவே இல்லை.

"அது செம்பு, தம்பி," என்றார். "முருகனோடது. மேல படுத்துக்கலாம். உள்ள கை வெக்கக் கூடாது."

எல்லாம் ஒரு சென் காசுகள். கடைக்காரர்கள் சில்லறையை ஐந்து சென்னுக்குத் திருத்தத் தொடங்கிய பிறகு யாரும் தொடாத காசு. நாம் தெருவில் கண்டாலும் குனியமாட்டோம். அவர் குனிவார்.

கதை சின்னதுதான். பத்து காவான் அப்போது தோட்டமாக இருந்தது. அவர் அங்கே கூலி. மகன் கைக்குழந்தை. ஜன்னி கண்டு கண் மேலே செருகிவிட்டது. லோரி வரவில்லை. தோட்டத்துக் கோயில் முன்னால் பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு, இவன் பிழைத்தால் எடைக்கு எடை செம்புக் காசு தருகிறேன் என்று வேண்டிக்கொண்டார். வெள்ளிக்காசு சொல்ல வாய் வரவில்லை. கையில் புழங்கியது செம்புதான், அதனால் செம்பு. பிள்ளை பிழைத்தான். புருஷன் அடுத்த வருடம் போய்ச் சேர்ந்தான். பிள்ளையோடு ஜார்ஜ் டவுன் இருக்கும் தீவுக்கு வந்துவிட்டார். சேர்த்த காசு தேங்காய்க்கும் பால்மாவுக்கும் போனது. மறுபடி சேர்த்தார்.

"நான் ஒரு டின்னு சேத்தா அவன் ரெண்டு டின்னு வளந்துடுறான் தம்பி. எங்கிட்டுப் புடிக்கிறது?"

சொல்லிவிட்டுச் சிரிப்பார். சிரிப்பு கண் வரைக்கும் போகாது.

காசைச் சும்மா யாரிடமும் வாங்கமாட்டார். வீட்டைச் சுத்தம் செய்தவர்கள் பை நிறையக் கொண்டுவந்து, "எடுத்துக்குங்கக்கா, குப்பைக்குத்தான் போகுது," என்பார்கள். அவர் பதிலுக்கு மிளகாய்த்தூள், ஊறுகாய் என்று எதையாவது கொடுத்தனுப்புவார். இனாமாக வந்தால் அது கொடுத்தவர் வேண்டுதல் ஆகிவிடுமாம்.

பழைய பேப்பர் வாங்க ஒலிபெருக்கி கட்டிக்கொண்டு வரும் லோரிக்காரன் ஒருநாள் டின்களைப் பார்த்துவிட்டான். "அக்கா, பேங்குல போட்டுறாதீங்க. அங்க காசுக்குக் காசுதான். இது செம்பு. செம்பு என்ன வெலை தெரியுமா? எடைக்குப் போட்டா பல மடங்கு லா."

"விக்கிறதுக்கு இல்லப்பா."

"விக்காதீங்க. இன்னும் ஏறும்."

அன்றிலிருந்து பேங்குப் பேச்சே இல்லை. தனக்கென்று அவர் அதில் ஒன்றும் பார்க்கவில்லை. "அவன் பங்கு ஏறிக்கிட்டே போகுது," என்பார், முருகனுக்குச் சம்பள உயர்வு கிடைத்தது போல. கடையில் யாராவது செம்பு விலை பேசினால் காய் நறுக்கும் கத்தி ஒரு நிமிடம் நிற்கும். செம்புக் கம்பி திருடியவன் பிடிபட்டான் என்று பேப்பரில் வந்தால் என்னைப் படித்துக் காட்டச் சொல்வார். "பாத்தியா? எவ்வளவு மதிப்பு இருந்தா திருடுவான்?"

தைப்பூசத்துக்கு முந்தின வாரம் டின்களைக் கொட்டுவோம். வாளியில் புளியைக் கரைத்துக் காசுகளை ஊறவைத்து, செம்புப் பாத்திரத்தைத் துலக்குவது போலத் தேய்ப்போம். நானும் தேய்த்திருக்கிறேன். பளபளவென்று வரும். ஈரம் காயுமுன் டின்னில் போட்டு மூடுவார். அடுத்த வருடம் திறந்தால் சிவந்து கிடக்கும். "செம்பு பாரு, எப்படிச் செவக்குது," என்பார். இரும்புக் கடையில் நாள் முழுக்கத் துருவில் புரளும் நானும், ஆமாம் என்றேன்.

தைப்பூசத்தன்று முருகன் மலைக்கோயில் அடிவாரத்தில் தண்ணீர்ப் பந்தலுக்குப் பின்னால் தட்டுக் கழுவுவார். மலை ஏறமாட்டார். முதல் வருடம் நான் கூப்பிட்டுப் பார்த்தேன்.

"நீ போய்ட்டு வா. எனக்குக் கால் வலி."

கால் வலிக்காரர் அன்று பகல் முழுக்க நின்றுகொண்டேதான் இருந்தார். மாலையில் பாத்திரங்களைக் கவிழ்த்தபடி, என்னைப் பார்க்காமல் சொன்னார்: "கடன்காரி மொகத்துக்கு நேரா போயி நிப்பாளா தம்பி?"

ஃபேனும் புட்டு மாயமும் முழங்கால் தண்ணீரும் எனக்கு அப்போதுதான் விளங்கின. பெரிய வாக்கு ஒன்று தலைமேல் நின்றுபோனதால் சின்ன வாக்கு ஒன்றைக்கூட அவரால் தவறவிட முடியவில்லை. நாங்கள் ரோஷம் என்று சொல்லிச் சிரித்தது கூச்சம்.

மகன் நல்லவன். அந்தப் பழைய தோட்டத்து நிலத்தில் எழும்பிய ஒரு தொழிற்சாலையில் டெக்னீஷியன். அங்கேயே புது டாமான் குடியிருப்பில் வீடு. ஆள் கனம். மாதம் ஒருமுறை வருவான், அம்மாவுக்குச் சாமான் வாங்கிப் போடுவான், வேண்டுதல் பேச்சு வந்தால் சிரித்து மழுப்புவான். "என்னைய அரிசி மூட்டை மாதிரி தூக்கி வெக்கப் போறீங்களா? எங்க சூப்பர்வைசர்லாம் அந்தக் கோயிலுக்கு வருவாரும்மா." ஆனால் அந்த வருடம் அவனுக்கு நெஞ்சில் அடைப்பு என்றார்கள். ஆபரேஷனுக்கு நாள் குறித்தார்கள். அதைக் கேட்டதும் அக்கா கட்டிலுக்கு அடியில்தான் பார்த்தார்.

"முருகன் கேட்டுட்டான்," என்றார். "அவன் கேக்காம இருந்ததே பெருசு."

ஆபரேஷனுக்கு முன் கடனைத் தீர்க்க வேண்டும். டின்களை எல்லாம் சேர்த்தாலும் மகன் எடையில் பாதி வருமா என்பது சந்தேகம். தோட்டத்துக் கோயில் தலைவர் ஒரு வழி சொன்னார்: செம்பை விற்று, அந்தப் பணத்தில் எடைக்கு எடை அரிசியாகக் கொடுத்தால் போதும், அன்னதானத்துக்கு ஆகும். அக்கா ஒரு ராத்திரி யோசித்தார். விடிந்ததும், "வித்த காசு பூரா அரிசியாப் போகணும். ஒரு சென்னு வீட்டுக்குத் திரும்பக் கூடாது," என்றார். செம்பு விலைக்கு, மகனைப் போல மூன்று பேர் எடைக்கு அரிசி வரும் என்று நான்தான் கணக்குச் சொன்னேன்.

எங்கள் இரும்புக் கடைச் சீன முதலாளி, தவுக்கேயின் லோரி தீவுக்கு வந்த ஒரு நாளில் டின்களை ஏற்றினோம். அக்கா கல்யாணத்துக்குப் போவது போலப் பட்டுச் சேலை கட்டி முன்சீட்டில் உட்கார்ந்துகொண்டார். பாலத்தில் போகும்போது ஒவ்வொரு குலுக்கலுக்கும் பின்னால் திரும்பிப் பார்த்தார்.

தவுக்கே வயதானவர். தமிழ் கொஞ்சம் வரும். காசு டின்களைப் பார்த்ததும் சுவரிலிருந்து காந்தத்தை எடுத்தார். கடையில் எது வந்தாலும் முதலில் காந்தம்தான். செம்பில் ஒட்டாது, இரும்பில் ஒட்டும். இந்தக் காசில் அதை வைத்துப் பார்க்க வேண்டும் என்று எனக்குத் தோன்றியதே இல்லை. காசு காசுதானே.

கயிற்றில் கட்டிய காந்தத்தை டின்னுக்குள் இறக்கித் தூக்கினார். தேன்கூடு போலக் காசுகள் கொத்தாகத் தொங்கின.

"அம்மா, இது பெசி லா," என்றார். "உள்ள இரும்பு. வெளிய செம்பு பூசி வெச்சிருக்கு. பழைய காலத்துக் காசு மட்டும்தான் தெம்பாகா, முழுச் செம்பு." ஒரு காசை அரத்தில் உரசிக் காட்டினார். செம்புத் தோல் உரிந்து வெள்ளை தெரிந்தது. இன்னொன்றை எடுத்து விரலால் தடவினார். சிவப்பு விரலில் ஒட்டியது. "இது துரு. தண்ணியில போட்டீங்களா?"

"புளி போட்டுக் கழுவினோம்," என்றேன் நான்.

"ஐயோ," என்றார் தவுக்கே. "பூசினதும் போச்சு. இதை இனி பேங்கும் வாங்காது."

அக்கா கவிழ்த்த வாளி ஒன்றில் உட்கார்ந்தார். பட்டுச் சேலை மடியில் பழைய துணியை விரித்துக்கொண்டு, "காந்தத்தை இங்கிட்டுக் குடுங்க," என்றார். ஒவ்வொரு டின்னாக அவரே இறக்கித் தூக்கினார். தேநீர் குடிக்க ஒதுங்கிய எங்கள் ஆட்கள் சுற்றி நின்றார்கள்.

"யக்கா, தூண்டில்ல பெரிய மீனா?" என்றான் ஒருவன்.

"மீனு இல்லப்பா. எல்லாம் முள்ளு."

எல்லாரும் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். அந்தச் சிரிப்பைப் பார்க்க முடியாமல் நான் எடை மேடைப் பக்கம் போய்விட்டேன்.

கடைசியில் காந்தம் தொடாமல் விட்டுவைத்தது ஒரு மைலோ டின்னில் அடங்கியது. மற்றதெல்லாம் இரும்பு விலைக்குப் போனது. காசாகவே எப்போதோ பேங்கில் போட்டிருந்தால் அதைவிடக் கூடுதலாக வந்திருக்கும். செம்பு, செம்பு என்று காத்துவைத்ததில் அது காசாகவும் இல்லாமல் போய்விட்டது. அந்தப் பணத்துக்கு ஒரு சின்னப் பை அரிசி வந்தது. அதை மடியில் வைத்துக்கொண்டு லோரியில் திரும்பும்போது சொன்னார்:

"இத்தன வருசமா முருகன்கிட்ட செம்பு சேத்துக்கிட்டு இருக்கேன், செம்பு சேத்துக்கிட்டு இருக்கேன்னு சொல்லிக்கிட்டு இருந்தேன் தம்பி. அவனுக்குத் தெரிஞ்சுதான் இருந்திருக்கும். எனக்குத்தான் தெரியல. எப்படிப் பாத்திருப்பான் என்னைய."

மகன் விஷயம் கேட்டு ஓடிவந்தான். தானே மூட்டைகள் வாங்கித் தருகிறேன் என்றான்.

"வேண்டிக்கிட்டது நான். நீ வாங்குனா அது உன் வேண்டுதல்."

"அப்ப என்னதாம்மா பண்ணப் போறீங்க?"

"இருக்கிறதை வெப்பேன். பத்தலன்னு அவன் முன்னாடியே நின்னு சொல்லுவேன். மிச்சத்துக்கு வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமை வந்து கோயில் பாத்திரம் தேய்ப்பேன். நீ வந்து தட்டுல உக்காரு, அது போதும்."

மகன் என்னைப் பார்த்தான். நான் தரையைப் பார்த்தேன்.

அந்தக் காலையில் நாங்கள் போனபோது கோயிலில் நல்ல கூட்டம். சுற்றிலும் தொழிற்சாலைகள் வந்துவிட்டாலும் கோயிலை இடிக்காமல் விட்டிருந்தார்கள். மண்டபத்தில் தோட்டக் காலத்துத் தராசு. சங்கிலியில் தொங்கும் இரண்டு பலகைகள். மகன் வேட்டி கட்டியிருந்தான். தொழிற்சாலை ஆட்கள் சிலர் அவனைப் பார்த்துக் கையசைத்தார்கள். காது மடல் சிவக்க, பலகையில் உட்கார்ந்தான். பலகை தரையில் பதிந்தது. அக்கா எதிர்ப் பலகையில் அரிசிப் பையை வைத்தார். அதன் மேல் மைலோ டின்னைக் கவிழ்த்தார். காசுகள் சலசலத்து விழுந்தன. தராசு அசையவில்லை. அரிசிப் பலகை அந்தரத்தில் நின்றது. அக்கா கைகூப்பிக் கண்ணை மூடிக்கொண்டார். உதடு என்னவோ சொல்லிக்கொண்டிருந்தது.

மண்டபத்தில் எல்லாரும் எங்கோ பார்த்தார்கள். அப்போது தராசு மெல்ல அசைந்தது. மகன் இருந்த பலகை தரையை விட்டு எழும்பியது. அரிசிப் பலகை இறங்கியது. இரண்டும் சமமாக வந்து நின்றன.

"சமமாயிடுச்சு! முருகா!" என்றார் தலைவர். "அரோகரா!" என்றது கூட்டம். நானும் சொன்னேன். நான் நின்ற இடத்திலிருந்து வேட்டிக்குக் கீழே அவன் கால்விரல்கள் தெரிந்தன. பத்து விரலையும் தரையில் ஊன்றி, அந்தக் கனத்த உடம்பை எழுப்பிப் பிடித்திருந்தான். கெண்டைச் சதை நடுங்கியது. நெஞ்சில் அடைப்பு உள்ளவன். நான் பார்த்துவிட்டுத்தான் அரோகரா சொன்னேன். என்னைப் போல இன்னும் பல பேர் பார்த்திருக்க வேண்டும்.

அக்கா கண்ணைத் திறந்தார். தராசைப் பார்த்தார். அவர் முகத்தில் ஒரு கணம் வந்த வெளிச்சத்தை நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்க்கவில்லை. பிறகு அவர் கண் கீழே இறங்கியது.

கிட்டே போய்க் குனிந்தார். "கால எடுய்யா," என்றார், மெதுவாக.

"அம்மா, எல்லாரும் பாக்குறாங்க."

"பாக்கட்டும். அவனும்தான் பாக்குறான்."

"அம்மா..."

"நெஞ்சு வலிக்கப் போகுது. கால எடு. முழுசா உக்காரு."

அவன் காலைத் தூக்கினான். பலகை தொப்பென்று தரையில் இடித்தது. எதிர்ப் பலகை துள்ளியதில் சில காசுகள் சிதறி ஓடின. பக்கத்தில் நின்ற ஒரு பெண் தன் சீனிப் பையை எடுத்து அரிசிப் பலகையில் வைக்கப் போனாள். அக்கா அந்தக் கையைப் பிடித்து, "வேணாம் தாயி," என்றார். பிறகு சந்நிதிக்கு நேராக, மிக நேராக, போய் நின்றார். "இம்புட்டுதான் இருக்கு," என்றார். யாருக்கும் கேட்காமல் சொல்லவில்லை. எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னார்.

மகன் பலகையில் உட்கார்ந்தபடியே துண்டால் முகத்தை மூடிக்கொண்டான். தலைவர் சிதறிய காசுகளைப் பொறுக்கத் தொடங்கினார். குனிந்திருந்தால் யார் முகத்தையும் பார்க்க வேண்டியதில்லை. நாங்களும் குனிந்தோம்.

பந்திக்கு இலை போடும் சத்தம் கேட்டபோது நான் பையை எடுத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டேன். என் சாமான் எல்லாம் எப்போதும் அந்த ஒரு பைக்குள்தான் இருக்கும், எங்கே போனாலும் தோளோடு வரும். வாடகை பாக்கி எதுவும் இல்லை. ஆனாலும் அரோகரா சொன்ன வாயோடு அவர் பிடித்துவைத்த இலையில் போய் உட்கார முடியவில்லை. ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததென்றும், வெள்ளிக்கிழமைகளில் அவர் ஃபெரி ஏறி, பஸ் மாறி வருகிறார் என்றும் பிறகு யாரோ சொன்னார்கள். நான் போய்ப் பார்க்கவில்லை.

அன்று வெயில் தாழும்போது சிம்பாங் அம்பாட் வந்து சேர்ந்தேன். மறுநாள் காலை ஒரு காய்கறி மொத்தக் கடையில் ஆள் வேண்டும் என்றார்கள். கடைக்கார அண்ணன் தராசுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தார்.

"முன்ன எங்க இருந்த?"

"பழைய இரும்புக் கடையில, அண்ணே."

"அப்ப நல்லதாப் போச்சு. எடை போடத் தெரியும்ல?"

"தெரியாதுண்ணே," என்றேன். "மூட்டை தூக்குறேன்."